கடத்து ஆர்.என்.ஏ.: மரபுக் குறியீட்டின் பொருள் எங்கே இருக்கிறது?

பள்ளிப் பாடநூல்களின் படங்களில் கடத்து ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒரு சுமைகூலியைப் போலவே வந்துபோகிறது. தூது ஆர்.என்.ஏ. கட்டளையைக் கொண்டுவருகிறது, புரதம் கட்டும் பட்டறையான ரைபோசோம் வேலையைச் செய்கிறது, கடத்து ஆர்.என்.ஏ. கேட்ட அமினோ அமிலத்தைச் சுமந்துவந்து இறக்கிவிட்டுத் திரும்புகிறது என்பதே மாணவர் மனத்தில் தங்கும் சித்திரம். பெயரும் அதற்குத் துணைபோகிறது. 'கடத்து' என்ற சொல்லில் ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வதைத் தவிர வேறு பணி எதுவும் தெரிவதில்லை (கள்ளக்கடத்தல் நினைவுக்கு வந்தால் கலைச்சொல் ஆக்கியவர்களைக் குறைசொல்ல முடியாது). ஆயினும், மரபணுவில் எழுதப்பட்டிருப்பதற்குப் புரதத்தில் என்ன பொருள் என்று முடிவாகும் இடம் தூது ஆர்.என்.ஏ.வும் அல்ல, ரைபோசோமும் அல்ல. கடத்து ஆர்.என்.ஏ.வும், அதன்மேல் அமினோ அமிலத்தை ஏற்றிவைக்கும் நொதியும் சேர்ந்துதான் அந்த முடிவை எடுக்கின்றன. இதை உறுதிப்படுத்திய சோதனைகள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டன என்றாலும், சுமைகூலிச் சித்திரம் இன்னும் மாறவில்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். டி.என்.ஏ.விலிருந்து தூது ஆர்.என்.ஏ. உருவாகும்போது ஒரே எழுத்துமுறைக்குள் நகல் எடுப்பதுதான் நடக்கிறது. இந்த எழுத்துமுறையின் எழுத்துகளான காரங்கள் ஒவ்வொன்றுக்கும் அதனுடன் இணைசேரும் காரம் ஒன்று உண்டு என்பதால், அச்சு வார்த்ததுபோல் படி கிடைத்துவிடும். அடுத்த படியில் நிலைமை வேறு. அடினின், குவானின், சைட்டோசின், யுராசில் என்ற நான்கு காரங்களால் எழுதப்பட்ட வரியை 20 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலியாக மாற்ற வேண்டும். மூன்று மூன்று காரங்களாகப் பிரித்தால் 64 கோடான்கள் கிடைக்கின்றன. அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மூன்று 'நிறுத்து' என்று சொல்கின்றன. ஆனால் யுயுயு (மூன்று யுராசில்) என்ற கோடானுக்கும் அது குறிக்கும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்துக்கும் வடிவத்திலோ வேதிப்பண்பிலோ கண்டுகொள்ளத்தக்க பொருத்தம் ஏதும் இல்லை. ஒரு மொழியின் சொல்லுக்கும் இன்னொரு மொழியின் சொல்லுக்கும் உள்ள உறவைப் போன்ற உறவு இது. பாடநூலில் 'தகவல் பெயர்ப்பு' என்று வழங்கும் இந்தப் படியை மொழிபெயர்ப்பு என்றே சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம், ஏனெனில் இங்கு இரண்டு மொழிகள் உண்மையாகவே இருக்கின்றன.

டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியான மறு ஆண்டு, 1954-இல், இயற்பியலாளர் ஜார்ஜ் காமாவ் இதற்கு எளிய விடை ஒன்றைச் சொன்னார். டி.என்.ஏ. இழையில் காரங்களுக்கு நடுவே சாய்சதுர வடிவக் குழிகள் இருக்கின்றன, ஒவ்வொரு குழியிலும் அதற்குப் பொருந்தும் அமினோ அமிலம் நேரடியாகச் சென்று அமர்கிறது என்பது அவரது கருத்து. இரட்டைச் சுருளைக் கண்ட இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் இதை ஏற்கவில்லை. வேலின், லியூசின், ஐசோலியூசின் போன்ற அமினோ அமிலங்களின் பக்கத்தொடர்கள் நீரை விலக்கும் தன்மை கொண்டவை, ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான உருவமும் உடையவை. நீரோடு உறவாடும் நியூக்ளிக் அமிலத்தில் இவற்றைப் பிரித்தறியும் பள்ளங்கள் இருக்க வழியில்லை என்று அவர் வாதிட்டார். ஐசோலியூசினும் வேலினும் இந்தக் கதையில் மறுபடியும் வரும். 1955-இல் நண்பர் குழு ஒன்றுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பிய கட்டுரையில் கிரிக் மாற்று யோசனை ஒன்றை முன்வைத்தார். அமினோ அமிலம் ஒவ்வொன்றும் முதலில் ஒரு சிறிய இடையிணைப்பு மூலக்கூறுடன் சேர்க்கப்படுகிறது. காரங்களைப் படிப்பது அந்த இடையிணைப்புதானே ஒழிய அமினோ அமிலம் அல்ல. சரியான இணையைச் சேர்த்துவைக்க 20 தனித்தனி நொதிகள் இருக்க வேண்டும். அப்போது இவற்றுக்கு ஆய்வகச் சான்று எதுவும் கிடையாது. முழுக்கத் தருக்கத்தால் எட்டிய ஊகம்.

அதே காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வகத்தில் பால் சமெக்னிக்கும் மாலன் ஹோக்லாண்டும் எலியின் ஈரல் செல்களைச் சிதைத்தெடுத்த சாற்றில் புரத ஆக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். கதிரியக்கக் கார்பன் சேர்ந்த லியூசினைச் சாற்றில் கலந்தபோது, புரதமாவதற்கு முன்பே அது சிறியதொரு ஆர்.என்.ஏ.வுடன் ஒட்டிக்கொள்வதைக் கண்டனர். கிரிக்கின் ஊகம் அவர்களுக்கு அப்போது தெரியாது. இரட்டைச் சுருளைக் கண்ட மற்றவரான ஜேம்ஸ் வாட்சன் நேரில் சொன்ன பிறகுதான், தங்கள் சோதனைக்குழாயில் இருப்பது அந்த இடையிணைப்பு என்பது ஹோக்லாண்டுக்குப் புரிந்தது. 1958-இல் விரிவான கட்டுரை வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், கிரிக்குக்கே முதலில் ஐயம் இருந்தது. மூன்று காரங்களைப் படிப்பதற்கு மூன்று நியூக்ளியோடைடுகள் (காரம் ஒன்றைத் தாங்கிய அலகுகள்) போதுமே, எழுபதுக்கும் மேற்பட்டவை எதற்கு என்பது அவரது குழப்பம். கேள்வி நியாயமானது. அதற்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

முதலில் வந்தது எழுத்து வரிசை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹாலி 140 கிலோகிராம் ஈஸ்டிலிருந்து ஒரு கிராம் அலனின் கடத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, நொதிகளால் துண்டுகளாக வெட்டி, துண்டுகளின் விளிம்புகள் எங்கெங்கே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று ஒப்பிட்டு, 77 நியூக்ளியோடைடுகளின் வரிசையை 1965-இல் வெளியிட்டார். முழு வரிசையும் அறியப்பட்ட முதல் நியூக்ளிக் அமிலம் அதுவே. நூறாயிரக்கணக்கான காரங்களை ஒரே மூச்சில் படித்துவிடும் கருவிகளுக்குப் பழகிவிட்ட நாம் அந்த உழைப்பை எண்ணிப் பார்ப்பதுகூடக் கடினம். 1968-இல் மருத்துவ நோபல் பரிசை அவருடன் மார்ஷல் நிரன்பெர்க்கும் ஹர் கோபிந்த் கொரானாவும் பகிர்ந்துகொண்டனர். இந்த மூவரில் கொரானாவின் அடுத்த வேலையும் இதே மூலக்கூறைச் சுற்றியதுதான். ஈஸ்டின் அலனின் கடத்து ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுவை ஆய்வகத்தில் வேதிமுறையால் கட்டியதாக அவர் குழு 1970-இல் அறிவித்தது. மனிதர் செயற்கையாக உருவாக்கிய முதல் மரபணு அது.

வரிசையை எழுதிப் பார்த்தபோது, இழை தன்மீது தானே மடங்கி, இணைசேரும் காரங்கள் தண்டுகளாகவும் சேராதவை வளையங்களாகவும் அமையக்கூடும் என்பது புலப்பட்டது. நடு வளையத்தில் தூது ஆர்.என்.ஏ.வின் கோடானோடு இணையும் மூன்று காரங்கள் இருக்கின்றன. இதுவே எதிர்க்கோடான். இழையின் வால்முனை எல்லாக் கடத்து ஆர்.என்.ஏ.க்களிலும் சிசிஏ (சைட்டோசின், சைட்டோசின், அடினின்) என்றே முடிகிறது. கடைசி அடினினில்தான் அமினோ அமிலம் தொற்றிக்கொள்கிறது. பாடநூலில் வரையப்படும் குளோவர் என்ற மூவிலைச் செடியின் இலை வடிவம் தாளில் வரைவதற்கு வசதியானதே தவிர, செல்லுக்குள் அது அப்படி இருப்பதில்லை. 1974-இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்சாண்டர் ரிச்சின் குழுவும் கேம்பிரிட்ஜில் ஏரன் குளூகின் குழுவும் படிகங்களில் எக்ஸ் கதிரைச் செலுத்திக் கண்டது, கட்டடத் தொழிலாளியின் மூலைமட்டம் போல மடங்கிய உருவம். மூலைமட்டத்தின் ஒரு முனையில் எதிர்க்கோடான், மறுமுனையில் அமினோ அமிலம், இடையே சுமார் 7.5 நானோமீட்டர் தொலைவு. கிரிக்கின் குழப்பத்துக்கு இங்கே விடை இருக்கிறது. ரைபோசோமின் சிறிய பகுதியில் கோடான் படிக்கப்படுகிறது, பெரிய பகுதியில் புரதச் சங்கிலி கோர்க்கப்படுகிறது. இரு பட்டறைகளுக்கும் நடுவே எட்டிப் பிடிக்கும் நீளம் வேண்டுமென்றால் மூன்று நியூக்ளியோடைடு போதாது.

நீளத்தைவிட நுட்பமான தேவை இன்னொன்றும் உண்டு. ரைபோசோம் ஒன்றுதான், அதன் இருக்கைகளில் எல்லாக் கடத்து ஆர்.என்.ஏ.க்களும் பொருந்தி அமர வேண்டும் என்பதால் அவை ஒரே வார்ப்பில் இருக்க வேண்டும். ஏற்றிவைக்கும் நொதிகளோ தமக்குரியதைக் கூட்டத்தில் அடையாளம் கண்டாக வேண்டும் என்பதால், ஒவ்வொன்றும் வேறுபட்டும் இருக்க வேண்டும். ஒற்றுமை, வேற்றுமை என்ற இவ்விரு நெருக்கடிகளுக்கும் ஒருசேர இணங்கிப்போன உருவம் இந்த மூலைமட்டம்.

ஏற்றிவைக்கும் நொதிகளுக்கு அமினோஅசைல் சிந்தட்டேஸ் என்று பெயர். கிரிக் கணித்தபடியே பெரும்பாலான உயிரிகளில் அமினோ அமிலத்துக்கு ஒன்றாக 20 வகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு அமினோ அமிலத்தைத் தூண்டிவிட்டு, பின் கடத்து ஆர்.என்.ஏ.வின் வால்முனையில் பிணைக்கிறது. எதிர்க்கோடானைப் பார்த்துத்தான் நொதி ஆளை அடையாளம் காண்கிறது என்று நினைப்பது இயல்பு. பல நொதிகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் எல்லாம் அல்ல. அலனினுக்குரிய நொதி எதிர்க்கோடானைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றும், வால்முனைக்கு அருகில் மூன்றாவது இடத்துக் குவானினும் எழுபதாவது இடத்து யுராசிலும் சேர்ந்த வழக்கத்துக்கு மாறான ஓர் இணையே அதற்குப் போதுமான அடையாளம் என்றும் 1988-இல் யா-மிங் ஹூவும் பால் ஷிம்மலும் காட்டினர். அந்த ஓர் இணையை வேறொரு கடத்து ஆர்.என்.ஏ.வில் பொருத்தினால் அதுவும் அலனினை ஏற்றுக்கொள்கிறது. குறியீட்டின் ஒரு பக்கத்தைப் படிக்கும் உறுப்பும் மறுபக்கத்தை நிர்ணயிக்கும் உறுப்பும் ஒரே மூலக்கூறில் இருந்தாலும் ஒன்றையொன்று அறியாமல் இருக்க முடியும் என்பது இதன் உட்பொருள்.

கடத்து ஆர்.என்.ஏ.வை அடையாளம் காண்பது ஒரு பாதிதான். அமினோ அமிலத்தை அடையாளம் காண்பது மறுபாதி, அது கடினமானது. இங்கேதான் ஐசோலியூசினும் வேலினும் திரும்பி வருகின்றன. ஐசோலியூசினில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் கூடுதல், வேறுபாடு அவ்வளவே. ஐசோலியூசின் புகக்கூடிய குழியில் அதைவிடச் சிறிய வேலின் புகாமல் தடுக்க எந்தச் சுவரும் உதவாது. இத்தனை சிறிய வேறுபாட்டை ஒரு நொதி துல்லியமாகப் பிரித்தறிய இயலாது என்று லைனஸ் பாலிங் 1950-களிலேயே கணக்கிட்டிருந்தார். உண்மையில் புரதங்களில் ஐசோலியூசினின் இடத்தில் வேலின் தவறாக வருவது ஏறத்தாழ 3,000 முறைக்கு ஒன்றுதான். இது எப்படி முடிகிறது என்பதை ஆலன் ஃபெர்ஷ்ட் 1970-களில் இரட்டைச் சல்லடை என்ற கருத்தால் விளக்கினார். முதல் சல்லடையின் கண் ஐசோலியூசின் அளவு. அதைவிடப் பெரியவை வெளியே நின்றுவிடுகின்றன, ஐசோலியூசினும் வேலினும் நுழைந்து கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏறிவிடுகின்றன. அதே நொதியில் சற்றுத் தள்ளி இருக்கும் இரண்டாவது சல்லடையின் கண் வேலின் அளவு. வேலின் ஏறியிருந்தால் வால்முனை அங்கே வளைந்து செல்லும்போது வேலின் உள்ளே விழுந்து நீரால் வெட்டப்படுகிறது. சரியாக ஏறிய ஐசோலியூசின் உள்ளே நுழைய முடியாமல் தப்பிக்கிறது. தவற்றை முன்கூட்டித் தடுக்க முடியாத இடத்தில், செய்துவிட்டுத் திருத்திக்கொள்கிறது செல்.

அந்தத் திருத்தம் கொஞ்சம் தளர்ந்தாலும் விளைவு பெரிது. அலனின் நொதியின் திருத்தும் பகுதியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறிய எலிவகை ஒன்றைப் பற்றி 2006-இல் ஆய்வறிக்கை வந்தது. அவற்றில் அலனினுக்குப் பதில் செரின் சிறு அளவில் ஏறிவிடுகிறது. தவறாகக் கோர்க்கப்பட்ட புரதங்கள் சரியாக மடியாமல் தேங்க, சிறுமூளையின் பர்கிஞ்சி செல்கள் மடிகின்றன, எலி நடை தடுமாறுகிறது.

ஏற்றும் இடத்தில் இவ்வளவு கவனம் ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு 1962-இல் நடந்த சோதனையே விடை. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த சோதனை எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். ஃபிரான்சுவா ஷாப்வில், ஃபிரிட்ஸ் லிப்மன், சீமோர் பென்சர் உள்ளிட்டோர் சிஸ்டீன் கடத்து ஆர்.என்.ஏ.வில் சிஸ்டீன் முறைப்படி ஏறியபின், ரேனி நிக்கல் என்ற வினையூக்கியால் அதன் கந்தக அணுவை மட்டும் பிடுங்கி எறிந்தனர். கந்தகம் போனால் சிஸ்டீன் அலனினாகிவிடும். ஆக, சிஸ்டீனுக்குரிய கடத்து ஆர்.என்.ஏ.வின் முனையில் இப்போது அலனின் இருக்கிறது. இதை ரைபோசோமிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? சிஸ்டீன் கேட்கும் கோடான் வந்த இடத்திலெல்லாம் ரைபோசோம் சற்றும் தயங்காமல் அலனினைக் கோர்த்தது. மறு ஆண்டு ஹீமோகுளோபின் ஆக்கத்திலும் இதுவே உறுதியானது. மூட்டையின் மேல் எழுதியிருப்பதை மட்டும் படித்து, உள்ளே நெல்லா பதரா என்று பிரித்துப் பார்க்காமல் அடுக்கிவைக்கும் கிடங்குக் கணக்கரைப் போன்றது ரைபோசோம். அப்படியானால் கோடானுக்கும் அமினோ அமிலத்துக்கும் இடையிலான உறவு மூட்டை கட்டும் இடத்திலேயே, சிந்தட்டேஸ் நொதியின் கையிலேயே, முடிந்துவிடுகிறது. ஒருபக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளுமாக நிகண்டின் ஒவ்வொரு வரியும் ஒரு கடத்து ஆர்.என்.ஏ.

ரைபோசோமுக்கு மூட்டையைப் பிரிக்கத் தெரியாது என்றாலும், மேலெழுத்தைப் படிப்பதில் அது மிகக் கறாரானது. அமினோ அமிலம் ஏறிய கடத்து ஆர்.என்.ஏ.வை ஜி.டி.பி. (குவானோசின் ட்ரைபாஸ்பேட்) என்ற ஆற்றல் மூலக்கூறுடன் கூடிய நீட்டிப்புக் காரணிப் புரதம் ஒன்று அழைத்துவருகிறது. எதிர்க்கோடான் பொருந்துகிறதா என்பது ஒருமுறையும், ஜி.டி.பி. சிதைந்தபின் இன்னொருமுறையும் சோதிக்கப்படுகிறது. இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதை அணு அளவில் காட்டியவர்களில் முதன்மையானவர் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். இவருடைய குழு 2001-இல் கண்டது இது: சிறிய பகுதியின் ஆர்.என்.ஏ.வில் உள்ள இரண்டு அடினின்களும் ஒரு குவானினும் கோடான் - எதிர்க்கோடான் இணைவின் பள்ளத்தைத் தடவிப் பார்க்கின்றன. எந்தக் காரம் என்று அவை பார்ப்பதில்லை. முறையான இணையாக இருந்தால் எந்த வடிவம் அமையுமோ அந்த வடிவம் அமைந்திருக்கிறதா என்றே பார்க்கின்றன. முதல் இரண்டு இடங்களில் சோதனை கடுமை, மூன்றாவது இடத்தில் தளர்வு. மூன்றாவது இடத்தில் தளர்வு இருக்க வேண்டும் என்று 1966-லேயே கிரிக் ஊகித்திருந்தார். 61 கோடான்களுக்கு 61 கடத்து ஆர்.என்.ஏ.க்கள் தேவைப்படாததற்கு அதுவே காரணம். எதிர்க்கோடானின் முதல் இடத்தில் வரும் இனோசின் என்ற மாற்றுக் காரம் தனியாக மூன்று எழுத்துகளோடு இணையும். நம் செல்களின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா வெறும் 22 கடத்து ஆர்.என்.ஏ.க்களை வைத்தே காலம் தள்ளுகிறது. ரைபோசோமின் கட்டமைப்புக்காக ராமகிருஷ்ணனுக்கும் தாமஸ் ஸ்டைட்ஸுக்கும் அடா யோனத்துக்கும் 2009-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

பொருந்திய பிறகு நடப்பதும் சுமைகூலிச் சித்திரத்துக்கு நேர்மாறானது. புதிதாக வந்த கடத்து ஆர்.என்.ஏ. தன் சுமையை இறக்கிவைப்பதில்லை. பக்கத்து இருக்கையில் முன்பே அமர்ந்திருக்கும் கடத்து ஆர்.என்.ஏ. தாங்கிக்கொண்டிருக்கும் முழுச் சங்கிலியும் அங்கிருந்து கழன்று, புதியவரின் அமினோ அமிலத்தின் மேல் வந்து சேர்கிறது. சங்கிலி எப்போதும் ஏதாவதொரு கடத்து ஆர்.என்.ஏ.வில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. வெறுங்கையான பழையது நகர்ந்து வெளியேறுகிறது, சங்கிலி ஏந்திய புதியது அதன் இடத்துக்கு வருகிறது. ஈ.கோலி பாக்டீரியாவில் இது நொடிக்கு 15 முதல் 20 முறைவரை நடக்கிறது. ஏற்றுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு பிணைப்புக்கும் உயராற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் நான்கு செலவாகின்றன. பிணைப்பை உண்டாக்கத் தேவைப்படுவதைவிட இது மிக அதிகம். கூடுதல் செலவில் பெரும்பகுதி துல்லியத்துக்குக் கொடுக்கும் விலை.

மருத்துவத்தில் இந்த இயக்கம் ஏற்கெனவே நன்கு அறிமுகமானது. டெட்ராசைக்ளின் பாக்டீரிய ரைபோசோமில் கடத்து ஆர்.என்.ஏ. வந்து அமரும் இருக்கையை மறித்து வேலைசெய்கிறது. தோல் புண்களுக்குத் தடவும் முபிரோசின் களிம்பு பாக்டீரியாவின் ஐசோலியூசின் சிந்தட்டேஸை முடக்குகிறது. நோய்ப் பக்கத்தில், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் 3243-ஆம் இடத்தில் அடினின் குவானினாக மாறும்போது லியூசின் கடத்து ஆர்.என்.ஏ. ஒன்று பழுதாகிறது. தாய்வழி வரும் மெலாஸ் என்ற நோயில் பக்கவாதம் போன்ற தாக்குதல்களும் தசைத் தளர்ச்சியும் காணப்படுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். எதிர்க்கோடானின் முதல் எழுத்தின் மீது வழக்கமாகச் சேரும் டாரின் என்ற சிறு மூலக்கூறு பழுதான மூலக்கூறில் சேர்வதில்லை, அதனால் சில கோடான்கள் சரிவரப் படிக்கப்படுவதில்லை.

நிகண்டு கடத்து ஆர்.என்.ஏ.வில் இருக்கிறது என்றால், அதை மாற்றினால் குறியீடே மாற வேண்டும். இயற்கை அதைச் செய்திருக்கிறது. மனிதரின் வாயிலும் குடலிலும் வாழும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சையில் சியுஜி என்ற கோடான் மற்ற உயிரிகளில்போல லியூசினைக் குறிக்காமல் பெரும்பாலும் செரினைக் குறிக்கிறது; மாறியது அந்தக் கோடானைப் படிக்கும் ஒரு கடத்து ஆர்.என்.ஏ. அவ்வளவுதான். ஆய்வகமும் அதைச் செய்திருக்கிறது. கிரிக்கும் குளூகும் ராமகிருஷ்ணனும் பணியாற்றிய அதே கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஜேசன் சின்னின் குழு, ஈ.கோலியின் மரபணுத்தொகுதி முழுவதையும் புதிதாக எழுதி, செரினைக் குறிக்கும் இரண்டு கோடான்களையும் ஒரு நிறுத்தக் கோடானையும் 18,000-க்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே பொருள் தரும் வேறு கோடான்களாக மாற்றி 2019-இல் வெளியிட்டது. 2021-இல் அந்த இரண்டு செரின் கோடான்களைப் படிக்கும் கடத்து ஆர்.என்.ஏ.க்களையும், அந்த நிறுத்தக் கோடானை அறிந்து முடிந்த சங்கிலியை அவிழ்த்துவிடும் விடுவிப்புக் காரணிப் புரதத்தையும் நீக்கினர். பாக்டீரியாவுக்கு அவை இனித் தேவையில்லை. உள்ளே நுழையும் வைரஸுக்கோ தன் புரதங்களைச் செய்ய அவை வேண்டும். சோதித்த வைரஸ்கள் பெருக முடியாமல் நின்றன.

ஆனால் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஜார்ஜ் சர்ச்சின் குழு சுற்றுப்புறத்திலிருந்து திரட்டிய வைரஸ்களில் சில இந்த வேலியைத் தாண்டின. அவை செரினுக்குரிய கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களைத் தம் கூடவே கொண்டுவந்திருந்தன. அதற்கு எதிராக அந்தக் குழு எடுத்த நடவடிக்கை, 2023-இல் வெளியானபடி, நிகண்டின் வரியையே திருத்துவது. நீக்கப்பட்ட அதே செரின் கோடான்களை லியூசின் என்று படிக்கும் கடத்து ஆர்.என்.ஏ.க்களைப் பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். நுழையும் வைரஸ் தன் புரதத்தில் செரின் வேண்டிய அந்த இடங்களிலெல்லாம் லியூசினைப் பெறுகிறது, அந்தப் புரதங்கள் எதற்கும் உதவுவதில்லை.